குதிரைப்படைச் செலவு

வரி என் பொறுப்பு, போர் அவன் பொறுப்பு.
கல்யாணமான மூன்றாம் மாதம்
வாய்வார்த்தையாய்ப் போட்ட உடன்படிக்கை.

நான் அரசரடி கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் கவுண்டர்.
ஜெரால்டுக்கு மாட்டுத்தாவணி பார்சல் ஆபீஸில் ராத்திரி வேலை.
ஞானஒளிவுபுரத்து மாடிப்படியில் கடந்துகொள்வோம்:
சாவி, டிபன் பாக்ஸ், "கேன் தண்ணி சொல்லிட்டேன்."
மற்றபடி நாங்கள் சேர்ந்து குடியிருப்பது
இந்தக் கம்ப்யூட்டருக்குள்தான்.
பதினேழு மாகாணம், நாலு துறைமுகம்,
வடக்கே ஓயாமல் குமுறும் ஒரு மலைக்குடி.

எட்டிலிருந்து பத்துவரை நான் ஆள்வேன்.
கோதுமைக்குக் கிடங்கு, தெருவுக்குச் சாக்கடை,
யார் மகளை யாருக்குக் கொடுத்தால் எல்லை அடங்கும் என்ற கணக்கு.
வரியை ஒரு படி ஏற்றினால்
ஊர்ப் பெயரருகே ஒரு குட்டி முகம் சிவக்கும்.
அந்த முகம் எனக்குத் தெரியும்.
வட்டி எவ்வளவென்று நான் சொல்லும்போது
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பது.
இறக்கிவிடுவேன்.
"ராஜ்யம் நடத்துறியா, ரேஷன் கடை நடத்துறியா" என்பான்.

இரண்டு படை முட்டும் இடம் வந்தால்
சேமித்துவிட்டுப் படுத்துவிடுவேன்.
ஆயிரம் ஈட்டிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு
விடியும்வரை நிற்கும்.
ஐந்து மணிக்குச் சணல்சாக்கு வாடையோடு வருவான்,
ஹெட்போன் மாட்டி, என் தூக்கம் கலையாமல்
ஒரு தேசத்தை வெட்டிச் சாய்ப்பான்.
காலையில் பல் விளக்கிக்கொண்டே
வெற்றியை மட்டும் பார்ப்பேன்.

செவ்வாய்க்கிழமை பீரோவுக்குள் கைவிட்டேன்.
சங்கிலி இல்லை. நாலரைப் பவுன்.
சீட்டு, அவன் ஹெல்மெட் பஞ்சுக்குள் மடிந்திருந்தது:
தெற்காவணி மூலவீதி, ஏதோ ஒரு சேட்டுக் கடை.
நகைக்கடனுக்கென்றே உட்கார்ந்திருப்பவள் நான்,
என்னைத் தாண்டிப் போய் வைத்திருக்கிறான்.
அந்த வட்டிதான் எரிச்சல் என்று சொல்லிக்கொண்டேன்.

கேட்கவில்லை. படியில் சாவி கைமாறியது.

அன்றிரவு படைப்பட்டியலைத் திறந்தேன்.
குதிரைப்படை, ஆறு அணி, அவன் செல்லம்.
பருவத்துக்கு ஆயிரத்து எண்ணூறு பொன் தின்கிறது.
கலைக்கவா என்று கேட்டது.
ஆம்.
ஆறு தடவை ஆம்.
உழுதுகொண்டிருந்தவர்களைக் கூட்டிவந்து
ஆளுக்கொரு கவைக்கோல் கொடுத்து நிறுத்தினேன்.
மலைக்குடி ஆற்றைக் கடந்தது. சேமித்தேன்.
படுத்தேன், தூங்கவில்லை.

ஐந்தேகால். நாற்காலி முனகியது.
வெகுநேரம் மவுஸ் அசையவே இல்லை.
ஒருக்களித்து அரைக்கண்ணால் பார்த்தேன்,
அவன் சண்டையை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.
பாய்வான் என்றிருந்தேன். பாயவில்லை.
கவைக்கோல்காரர்களை மேட்டில் ஏற்றி
சும்மா நின்றான்.
எதிரி ஏறினான், சறுக்கினான், மறுபடி ஏறினான்.
ஓட நினைத்த வரிசைக்குப் பின்னால்
தளபதியைத் தனியாகக் கொண்டுபோய் நிறுத்தினான்.
நானூற்றெண்பதில் எழுபத்தோரு பேர் மிச்சம்.
ஹெட்போனைக் கழற்றி
கழுத்தைத் தேய்த்துக்கொண்டான், அங்கே ஏதோ தொங்கியதுபோல.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எப்போதும் தேதி மட்டும் போட்டுச் சேமிப்பவன்.
அன்று கோப்பின் பெயர்
ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழாய் இருந்தது,
இடம் போதாமல் பாதியில் அறுந்து:
தம்பி ஃபீஸுக்கு வச்சேன் வெள்ளிக்கெழம மீட்டுர்றேன் குதிரைய ஏன்

வெள்ளிக்கிழமை வந்து போனது.
அடுத்த வெள்ளியும்.

இன்று ஒரே ஒரு அணிக்கு உத்தரவு போட்டிருக்கிறேன்.
பயிற்சி முடிய இரண்டு பருவம் ஆகும்.
வரியைத் தொடவில்லை,
என் கோட்டை ஒன்றின் மதில்வேலையை நிறுத்திக் காசு புரட்டினேன்.
கோப்புக்குப் பெயர் கேட்டது.
ஒண்ணுதான். மிச்சம் சங்கிலி வந்தப்புறம்.

படியில் பார்த்தபோது
கேன் தண்ணீர் தீர்ந்துவிட்டதென்று மட்டும் சொன்னேன்.