துடைத்தால் போவது

காசிமேட்டில் ஏலக்குரல் எழும் நேரம்
மாடியில் செல்போன் வெளிச்சத்தில்
நான் ஒரு மொட்டைப் பிரித்துக்கொண்டிருப்பேன்.
விரியும் முன்பே இதழ்களைக் கழற்ற வேண்டும்.
மகரந்தத்தாள்களை ஒவ்வொன்றாய்க் கிள்ள வேண்டும்.
நூற்றுக்கு மேல் இருக்கும்,
ஒன்று தப்பினாலும்
பூ தன்னையே கட்டிக்கொண்டுவிடும்.
பிறகு பட்டர்பேப்பரில் ஒரு முக்காடு.
மறுநாள் தூரிகை,
அண்ணன் மகளின் பெயின்ட் டப்பாவில் திருடியது, இரண்டாம் நம்பர்.

அட்டையில் எழுதுவேன்: தாய் × தந்தை, தேதி.
இந்தத் தொழிலில் தாய் பெயர்தான் முதலில்.
எனக்கோ முன்னால் நிற்பது அப்பாவின் ஓரெழுத்து:
சூ. ஆக்னஸ்.
ஒருநாள் சும்மா
ரெஜினா × சூசை, 1998
என்று ஓர் அட்டையில் எழுதிக் கோட்டுப் பையில் போட்டிருந்தேன்.
துவைக்க எடுத்த அம்மா படித்துவிட்டு வந்தாள்.
"அப்ப நீ கிராஸா?"
"ஆமா. முதல் தலைமுறை."
"அதான் முள்ளு" என்றாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு முறை கலந்ததில்
காய்த்தது முப்பத்தேழு.
விதைகள் ஈரத்துணியில், டிபன் பாக்ஸில்,
ஃப்ரிட்ஜில் வஞ்சிரத்துக்குப் பக்கத்தில்
மூன்று மாதம் குளிர்காலம் என்று நம்பிக் கிடந்தன.
தனியா என்று ரசத்துக்கு எடுத்தவளை
அடுப்பருகே மறித்தேன்.

மாதவரம் பண்ணையின் குடிலில்
எந்தச் செடியும் நன்றாகத்தான் வளரும்.
அங்கே அதற்கு மருந்து, நிழல், நேரத்துக்குத் தண்ணீர்.
ஆகவே நாற்பது நாற்றுகளை
கேட்டு வாங்கி, ஷேர் ஆட்டோவில் இரண்டு இரண்டாக
இந்த மாடிக்குக் கொண்டுவந்தேன்.
உப்பும் எண்ணூர்க் காற்றும் கன்டெய்னர் லாரிப் புகையும்
என்ன சொல்கின்றன பார்ப்போம் என்று.

இங்கே இலை கறுத்தால் உடனே பதறக் கூடாது.
ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும்.
போனால் நிலக்கரி.
போகாவிட்டால் நோய்.

ஐப்பசி மழை நின்றபின் துடைத்தேன், நாற்பதையும்.

இருபத்தேழாம் எண் மட்டும்
பஞ்சைக் கறுப்பாக்கிவிட்டு
பச்சையாய் நின்றது.

பூ என்று பார்த்தால், ஐந்தே இதழ்.
வெளுத்த ரோஸ், மோந்தால் ஒன்றுமில்லை,
சாயங்காலத்துக்குள் கொட்டிவிடும்.
ராயபுரம் மார்க்கெட் தனபாக்கியம் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.
"இத எண்ணியும் விக்க முடியாது, கட்டியும் விக்க முடியாது.
படிச்சிட்டா இத பண்ண?"
விலை கேட்கவந்தவன் சிரித்தான். நானும்.

மற்ற முப்பத்தொன்பதையும் ஒரே சாயங்காலத்தில் பிடுங்கினேன்.
ஒரு சிவப்பிடம் மட்டும் கை நின்றது.
தேவாலயத்துத் திரைச்சீலைச் சிவப்பு, நல்ல வாசம்,
இலையெல்லாம் பொட்டுப் பொட்டாய்.
பெயரிட்டிருந்தால் பிழைத்திருக்கும்.
எண்தான் இட்டிருந்தேன்.

மார்ச்சோடு திட்டம் முடிகிறது, சம்பளமும்.
இறுதி அறிக்கையில் ஒரு கட்டம்: தனிச்சிறப்பு.
"துடைத்தால் போகிறது" என்று எழுதினேன்.
அவர்கள் அதை அடித்துவிட்டு
நோய் எதிர்ப்பு, நடுத்தரம் என்று திருத்துவார்கள்.
திருத்தட்டும்.

இன்று விடியுமுன்
இருபத்தேழில் ஒரு மொட்டு, சரியான பருவம்.
அடிவானத்தில் துறைமுகத்துக் கிரேன்களின் சிவப்பு விளக்குகள்.
செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டு
முதல் இதழைக் கழற்றுகிறேன்.
அட்டையில் தாய் இடத்தில் 27.
எதிர்ப்பக்கம் இன்னும் காலி.