அரைப்பேர்

கூட்டக் குறிப்பேட்டை எழுதுவது நான்தான்.
கணக்கு வாத்தியார் கையெழுத்து நன்றாயிருக்குமாம்.
மதியம் இரண்டு மணி.
சேரம்பாடிக்கு மேலே, எஸ்டேட் பள்ளிக்கூடம்.
மழை இன்னும் வரவில்லை, மஞ்சு வந்துவிட்டது.
கொடிக்கம்பம் பாதிவரைக்கும்தான் தெரிகிறது.

பொருள் நான்கு:
சத்துணவுச் சாக்கு அடுக்கியிருந்த அறையை
இரண்டு வருடமாக மருத்துவ அறை என்கிறோம்.
அதைக் காலிசெய்து கொடுத்தால்
பெரிய திரை வரும், கணினி வரும்
என்று மேலிடத்துக் கடிதம்.
நர்ஸம்மா வேண்டுமானால் வராந்தாவில் உட்காரலாம்.

ஆட்சேபணை உண்டா என்றார் தலைமையாசிரியர்,
இல்லை என்று எழுதச் சொல்லும் குரலில்.

பெஞ்சுகளில் பதினான்கு பெண்கள்.
நேரே மலையிலிருந்து வந்தவர்கள்,
இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை.
பழனியாயி எழுந்தார்.

"பிள்ளையக் கூட்டிக்கிட்டு பந்தலூர் போனா
எட்டரை பஸ்ஸு, விட்டா பதினொண்ணு.
டாக்டரப் பாக்க ஒரு மணி ஆயிரும்.
வர்ற வளைவுல ஆனை நின்னுச்சுன்னா
அது நகர்றது அதோட இஷ்டம்.
அன்னைக்கு எனக்குப் பேரு கெடையாது.
நல்ல கங்காணின்னா அரைப்பேரு."

பேனா நின்றுவிட்டது.
பேர் என்றால் இங்கே ஒருநாள் கூலி,
செக்ரோலில் விழும் ஒரு கோடு.
தலைமன்னாரில் கப்பலேறி வந்த சொல்.
என்னிடமும் ஒரு பேரேடு இருக்கிறது.
ஒன்பதேகாலுக்குக் கூப்பிடுகிறேன்:
நிரோஷன்.
நிரோஷன்.
வரலை சார்.

தாயின் பேர் அங்கே விழாத நாளில்
மகன் பேர் இங்கே விழுவதில்லை.
ஒரு காய்ச்சலுக்கு இரண்டு பேர்.
பதினெட்டு வருடமாகக் கணக்கு நடத்துகிறேன்,
இந்தக் கூட்டலை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

குறிப்பேட்டில் வராத இன்னொன்று:
ஆறாம் வகுப்பில் அவனை மக்கு என்றது நான்.
பலகையில் நான் எட்டு போட்டால்
நோட்டில் அவன் மூன்று போடுவான்.
ஒரு செவ்வாய்க்கிழமை பெனடிக்டா நர்ஸ்
அவனை அந்த அறையின் கோடியில் நிறுத்தி
ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னார்.
எதிர்ச்சுவர் அட்டையில் முதல் எழுத்து
என் உள்ளங்கை அகலம்.
அதுவே அவனுக்கு இல்லை.

கண்ணாடி வந்த அன்று
அவன் பலகையைப் பார்க்கவே இல்லை.
ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக்கைப் பார்த்து
"சார், எலை தனித்தனியா இருக்கு" என்றான்.
கையில் இருந்த டஸ்டரை
நான் வெகுநேரம் தேடினேன்.

"திரை வந்தா பிள்ளைகளுக்கு நல்லதுதானேம்மா?"
"யாரு வேணாங்கறா? வகுப்புக்குள்ள மாட்டுங்க."

பிறகு, மூன்று கூட்டமாக வாய் திறக்காத வெள்ளச்சி,
பணியர் காலனியிலிருந்து வருபவர்,
உட்கார்ந்தபடியே சொன்னார்:
"எம் பொண்ணு கால் வலின்னு அழும்.
சோம்பேறின்னாங்க.
அந்த ரூம்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத்தான்
ரத்தத்துலயே கோளாறுன்னு தெரிஞ்சுச்சு.
மாத்திரை அங்கயே குடுக்கறாங்க."
நிறுத்தினார். மறுபடி:
"வராந்தால வெச்சு
பொம்பளப் பிள்ள எதச் சொல்லும்?
கதவு வேணும்."

அப்புறம் யாரும் எதையும் சேர்க்கவில்லை.
தகரக் கூரையில் முதல் தூறல்.

எழுதினேன்.
தீர்மானம் நான்கு: ஆட்சேபணை உண்டு.
அறை, கதவு, தாழ்ப்பாள் இருந்தபடி இருக்க வேண்டும்.
நர்ஸ் வாரம் இரண்டு நாள் என்றிருந்ததை
அடித்து ஐந்து என்று போட்டேன்.
யாரும் சொல்லாதது அது.
உரக்க வாசித்தேன்.
"காய்ச்சல் என்ன செவ்வா வெள்ளி பாத்தா வருது"
என்றார் பழனியாயி, கையெழுத்துப் போட்டபடி.
தலைமையாசிரியர் கடைசியாகப் போட்டார்.
போட்டார், அவ்வளவுதான்.

படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டு
மழைக்குள் இறங்கிப் போனார்கள்.
மத்தியான நிறுவைக்கு இவர்கள் இல்லை.
இதைச் சொல்ல வந்ததற்கு
இன்றைக்கு எல்லோருக்கும் அரைப்பேர்தான்.

பதினான்கு அரை, ஏழு.
ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்திருக்கிறேன்.
எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று
தெரியவில்லை.