பால் சொசைட்டி

கோமளத்தின் போனில்
அந்த நெம்பருக்குப் பேர் ‘பால் சொசைட்டி’.
மாட்டை விற்று மூன்று வருசம்.
விற்றது நான், குடித்ததும் நான்.
இன்னும் எதற்குப் பால் சொசைட்டி?
பழைய பாக்கி ஏதும் வருமா என்று கேட்க
ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில்
கை நடுக்கம் தாளாமல் அழைத்தேன்.
“சொல்லுங்க” என்றது அக்கட்டக் குரல்.
“நானும் குடிகாரந்தானுங்.”

பேசாமல் வைத்துவிட்டேன்.
அரைமணி கழித்து, விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்து
மறுபடியும் அழைத்தேன்.

செங்கோட்டிலேயே கூட்டம் இருக்கிறதாம், வியாழனுக்கு வியாழன்.
வேண்டாமென்றேன்.
ஊரில் பாதிப்பேர் ரிக் வண்டிக்காரர்கள்,
மீதிப்பேர் அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள்.
ஈரோட்டில் இருந்தால் சொல்லுங்க,
ஆற்றுக்கு அக்கட்டாலே.

ஞாயிற்றுக்கிழமை பொழுதோட
பள்ளிபாளையம் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது.
கீழே ஆகாயத்தாமரைக்கு நடுவில்
கொஞ்சம் காவிரி.

சர்ச்சுக்குப் பின்னால் பள்ளிக்கூடம் என்றிருந்தார்.
அந்த கேட்டை மூன்று தடவை தாண்டிப் போனேன்.
முதல் தடவை செருப்பு வார் அறுந்ததுபோல் குனிந்தேன்.
அடுத்த தடவை போன் வந்ததுபோல்
யாருமில்லாத ஒருத்தனிடம் சத்தமாய்ப் பேசினேன்.
மூன்றாம் தடவை நடிக்க ஒன்றும் மிச்சமில்லை.
கடையைக் கண்டுபிடிக்க
ஒருநாளும் வழி கேட்டதில்லை நான்.
பாஷை தெரியாத ஒடிசாக் காட்டில்கூட
இருட்டோடு போய் வாங்கி வந்தவன்.

இரண்டாம் வகுப்பு, ஆ பிரிவு.
பிள்ளைகள் பெஞ்சு; முட்டி நெஞ்சில் இடித்தது.
கரும்பலகையில் அழிக்காத கழித்தல் கணக்கு,
பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக்
கழித்திருந்தது ஏதோ ஒரு பிள்ளை.
போசியில் டீ. செய்தித்தாளில் வர்க்கி.

ஒரு தறிக்காரர் பேசினார்.
ரிட்டையர்டு பேங்க் மேனேஜர் பேசினார்.
கோழித்தீவன வண்டி ஓட்டும் பையன்
தன் கல்யாண வீடியோவில்
தாலி கட்டினதற்கப்புறம் தன்னைக் காணவே காணோம் என்றான்.
எல்லாரும் சிரித்தார்கள். அவனும்தான்.
அங்கே சிரிக்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆளாளுக்கு நாள் கணக்குச் சொன்னார்கள்.
நாலாயிரத்துச் சொச்சம். அறுபது. ஒன்பது.
நாளை எண்ணிப் பழக்கமில்லை எனக்கு,
அடிக்கணக்குத்தான்.
தொள்ளாயிரம் அடிக்கும் வெறும் புகை பறந்த காட்டில்
“இன்னொரு நூறு போட்டுப் பாருங்க” என்று
கையெடுத்துக் கும்பிட்ட காட்டுக்காரர் முகத்தைப்
பார்க்காமலிருக்க ஊற்றிக்கொள்வேன்.
தண்ணி வந்துவிட்டால்
வந்ததற்கு ஒரு குவார்ட்டர்.
சத்தீஸ்கர் பையன் புத்ராமின் விரல்
ராடு மாற்றும்போது போன அன்று
லிவரில் இருந்தது என் கை.
இதைச் சொல்லத்தான் எழுந்தேன்.
“பேரு அர்த்தநாரிங்.”
அதற்கு மேல் வரவில்லை.
“வாங்க அர்த்தநாரி” என்றார்கள்
கல்யாண மண்டப வாசலில் சொல்கிற மாதிரி.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால்
கதவோரத்துப் பெஞ்சில் ஹேமர் பிட்டுக் கடை சின்னமுத்து.
எங்கள் வீதிக்கு அடுத்த வீதி.
பதினெட்டாயிரம் தரவேண்டும் அவருக்கு நான்.
ஊருக்குத் தெரியக்கூடாதென்று
அவரும் ஆற்றைத் தாண்டி வந்திருக்கிறார்.
வர்க்கியைப் பிய்த்துப் பிய்த்துத்
தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

திரும்புகிற பஸ்ஸில்
அவர் முன்சீட்டு, நான் கடைசி.
பாலம் தாண்டுகிற வரைக்கும்
ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தோம்.
கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.
“செங்கோடு ரெண்டு” என்றார் சின்னமுத்து,
பின்னால் திரும்பாமலே.
பதினெட்டாயிரத்தோடு அதையும் சேர்த்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி எட்டேகால்.
கடை பத்து வரைக்கும் திறந்திருக்கும்.
பச்சை போர்டு வெளிச்சம் ரோட்டில் பாதிவரை கிடந்தது.
அதை மிதித்துக்கொண்டு நேராகப் போனார் அவர்.
நாலடி விட்டு
நான் போனேன்.