அரைப் பேர்

கொட்டகலை ஸ்டேஷனுக்கு மேலே
கொழுந்து வாட்டிய மாடியில்
இப்போது போத்தல்கள் நகர்கின்றன.
கழுவி, கவிழ்த்து, அசிட்டில் முக்கி
மறுபடி கழுவி, சூடுகாற்றில் உலர்த்தி
நிமிடத்துக்கு நாற்பது.
உள்ளே போகையில் கண்ணாடி.
வெளியே வருகையிலும் கண்ணாடிதான்,
ஆனால் பார்வையை வாசலோடு நிறுத்திவைக்கும்.
எந்த ஊர் அத்தருக்கோ.

எல்லாம் மெசினே செய்யும்,
ஒன்றைத் தவிர.
கழுவி வந்ததை எடுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும்.
அதற்கான கை
கப்பலில் வந்துகொண்டிருக்கிறதாம்.
அது வரும்வரை நான்.

கேட்டில் இன்னொரு மெசின்.
உள்ளங்கை அளவுதான்.
பெருவிரலைக் கேட்கும்.
பதினாறு வருசம் கொழுந்து கிள்ளிய விரல்
அதற்கு வாசிக்க வராது.
சிவப்பு.
பாவாடையில் துடைத்து வைத்தேன், சிவப்பு.
காமினி கொப்பியைத் தள்ளுவான்,
கையெழுத்துப் போடு என்று.
கொப்பியில் போட்டால் ஆபிசில் பாதி நாள்தான் ஏறும்.
மலையில் அதை அரைப் பேர் என்போம்.
இங்கே அதற்குப் பெயரில்லை, கணக்கு மட்டும் அதே.

"தலை எண்ணெயத் தொட்டுட்டு வையேன்" என்றாள் யோகராணி.
வைத்தேன்.
பச்சை!
அன்றிலிருந்து காலையில்
வகிட்டில் ஒரு தடவு, கேட்டில் ஒரு அழுத்து.

செவ்வாய்க்கிழமை,
கேமரா ஒன்றைப் பிடித்துக் காற்றால் ஊதிச்
சிவப்புக் கூடையில் தள்ளியது.
துஷார மாத்தியா அதைக் குழல்விளக்கில் தூக்கிக் காட்டினார்.
வெள்ளைக் கழுத்தில்
பெருவிரல் அளவுக்கு ஒரு தெளிவு.
எண்ணெய் பட்ட இடத்தை அசிட் கடிக்காதாம்.
கிளவுஸ் கிழிந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை,
புதியது கேட்டால் கழிப்பார்கள்.

"இது யார் விரல்?"

எங்களை வரிசையில் நிறுத்தினார்.
எதற்கு வரிசை,
தொடுகிறவள் நான் ஒருத்திதானே.
குனிந்து பார்த்தேன்.
சுழி இருந்தது.
சுழிக்குள் சுழி, எண்ண முடிகிற மாதிரி.
குறுக்கே விறகு வெட்டிய தழும்பு.
தேய்ந்துபோச்சு என்று
கேட்டில் ஆறு மாதமாக என்னிடம் சொன்ன விரல்,
ஒரு கோடு குறையாமல்.

அதை நொறுக்கும் பீப்பாயில் போடச் சொன்னார்.
சரி என்றேன்.
சோற்றுப் பெட்டிக்கு அடியில் போட்டேன்.

மாலை, வெளியே போகும் பதிவுக்கு
என் விரலை வைக்கவில்லை.
போத்தலை எடுத்து
அதன் கழுத்தை மெசினில் அழுத்தினேன்.
சிவப்பு.
திருப்பிப் பிடித்து அழுத்தினேன்.
சிவப்பு.

காமினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
பையைச் சோதிக்க வேண்டியவன்
கொப்பியைத் தள்ளினான்.
பேனா மசமசத்தது, உதறி எழுதினேன்,
அப்பா பெயரையும் சேர்த்து
இரண்டு கோட்டுக்கு நீளமாக:
சின்னையா அமராவதி.

நிமிர்ந்தபோது
போத்தலை ஒரு கண்ணோடு ஒட்டிப்பிடித்து
அந்த விரல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"தெரியிது" என்றான்.