ஏழின் குறுக்கே ஒரு கோடு

மூன்றாம் குளிர்கிடங்கின் கதவுக்கு மேல்
சிவப்பு எண்ணில் மைனஸ் நான்கு.
பதிவேட்டில் நான் எழுதியது மைனஸ் பதினெட்டு.
ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு, விடியும்வரை.
எப்போதாவது,
நம்பும்படி இருக்கட்டும் என்று,
பதினேழு.

கம்ப்ரஸரை மாற்றும் செலவைவிட
என் கையெழுத்து மலிவு.

க்ளைபெடாவில் எல்லோருமே ஏழின் குறுக்கே கோடு போடுவோம்.
என் கோடு மட்டும் வலப்பக்கம் சரியும்,
ஒரு தோளில் மட்டும் பாரம் தூக்குகிறவளைப் போல.

வைதோதஸ் முதலில் மேலாளரிடம்தான் போனான்.
இரண்டு முறை.
இரண்டு முறையும் நல்ல காபி கிடைத்தது.
மூன்றாம் முறை பதிவேட்டைப் படம் எடுத்தான்,
ஃபோர்க்லிஃப்ட்டின் வெளிச்சத்தில்.

"உன் பெயரை டேப் ஒட்டி மறைத்துவிட்டேன், அவுஷ்ரா."
பெயரை மறைத்தவனுக்கு
ஏழுகளை மறைக்கத் தோன்றவில்லை.

டிசம்பரில் ஒரு மழலைப்பள்ளியில்
பதினான்கு பிள்ளைகளுக்கு வாந்தி.
எங்கள் மீன்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை.
நிரூபிக்காததைத் தலைக்கு வைத்து
நான் தூங்கினேன்.
அவன் தூங்கவில்லை.
எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

காட்டினான் என்கிறது சட்டம்.
காட்டிக் கொடுத்தான் என்கிறது காண்டீன்.
அங்கே அவன் மேசையில் இப்போது
அவனும் உப்புக்குடுவையும்.
தின்ற உப்பை நினைக்கவில்லையாம்.
பன்னிரண்டு வருடம் மீனுக்கு உப்பிட்டவன்.

இரண்டாம் வரிசையை மூடிவிட்டார்கள்.
பதினொரு பேர்.
அல்தோனாவுக்கு வீட்டுக்கடனில் நான்காம் மாதம்;
பேருந்து நிறுத்தத்தில்
அவனைப் பார்த்தால் முதுகைக் காட்டுகிறாள்.
என்னைப் பார்த்தால் அணைத்துக்கொள்கிறாள்.
எது எனக்கு அதிகம் வலிக்கிறது என்று
அவளிடம் சொல்ல முடியாது.

என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம் அவன்.
சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன்.
அது அவனுக்குத் தெரியும்.

வில்னியூஸிலிருந்து வந்த அதிகாரிக்குக் கடும் சளி.
கைக்குட்டைக்குள்ளிருந்தே கேட்டார்:
"இது உங்கள் எழுத்தா?"
நான் சன்னலைப் பார்த்தேன்.
கிரேன் ஒன்று எதையும் தூக்காமல் திரும்பிக்கொண்டிருந்தது.

வெள்ளைத்தாளை நகர்த்தினார்.
"ஒரு ஏழு எழுதிக் காட்டுங்கள்."

கோடு போடாமல் விடலாம்.
நேராகவும் போடலாம்;
வீட்டில் இரண்டு இரவு பழகியிருந்தேன்,
மின்கட்டண ரசீதின் பின்புறம் முழுக்க
நேரான, யாருடையதுமல்லாத ஏழுகள்.

எழுதினேன்.
கோடு சரிந்தது.

தும்மிவிட்டு, பார்க்கவில்லை என்றார்.
"இன்னொரு முறை."