இருட்டு எண்

திங்கட்கிழமை காலைகளில்
டண்டீ ஷெரிப் நீதிமன்றத்தில்
வார இறுதியில் பிடிபட்டவர்களைக் கீழறையிலிருந்து
ஒவ்வொருவராக மேலே அனுப்புவார்கள்.
பார்வையாளர் பெஞ்சின் கோடியில் நான்,
ஹீட்டரை ஒட்டி.
கையில் நிறுத்துக் கடிகாரம், மடியில் கட்டம் போட்ட தாள்.

குற்றவியல், நான்காம் ஆண்டு.
ஆனர்ஸ் ஆய்வேடு பத்தாயிரம் சொல், அடிக்குறிப்பு சேர்த்தி இல்லை.
கேள்வி சின்னதுதான்:
ஒரு ஆளை முடித்து அனுப்ப
எவ்வளவு நேரம் ஆகிறது?

பெயர் கூப்பிட்டதும் அழுத்துவேன்.
'அடுத்து' என்றதும் அழுத்துவேன்.
மூன்று நிமிடம் நாற்பது நொடி: கோட்டுக்குள் மறைத்த ஆட்டிறைச்சி.
ஆறு நிமிடம்: தடையை மீறி முன்னாள் மனைவியின் கதவைத் தட்டியது.
ஐம்பத்தெட்டு நொடி: ஆள் வரவில்லை, வாரண்ட்.
ஒரு கோப்பை தேநீர் ஆறுவதற்குள்
நாலு பேரை எண்ணிவிடலாம்.

'சராசரி போதாது' என்று ஓரத்தில் கிறுக்கியிருந்தார்
மேற்பார்வையாளர் மோர்வென் கெடிஸ்.
'விலக்கம் எங்கே?'

அறநெறிக் குழுவின் படிவத்தில் பதினொன்றாவது கேள்வி:
கவனிக்கப்படுபவர் எவரையேனும் முன்பே அறிவீர்களா?
'இல்லை'யில் டிக் போட்டேன்.
நவம்பரில் அது உண்மை.

பிப்ரவரியில் ஒரு நாள்
கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி
டே நதியின் ரயில் பாலத்தைப் பாதிவரை தின்றிருந்தது.
அன்றைக்கு நாற்பத்து மூன்றாம் ஆளாக
ஸ்ட்ரூவன் பெட்ரி மேலே வந்தான்.

பதினாலு வயதில்
ஒரே கடை, ஒரே பிற்பகல்.
அவன் ஜாக்கெட்டுக்குள் ஒரு ஹெட்போன்,
என் ஜாக்கெட்டுக்குள் ஒன்று.
கதவருகே அவன் ஷூ நாடா கட்டக் குனிந்தான்.
நான் குனியவில்லை.
எங்களுக்குள் அவ்வளவுதான் வித்தியாசம்.

கேமராவில் என் முதுகு மட்டும் இருந்ததாம்.
'கூட வந்தவள் யார்?' என்று
கடைக்காரர் கேட்டார், போலீஸ் கேட்டது,
சிறார் குழுவில் மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள்.
அவன் அம்மா பக்கத்தில் அழுதுகொண்டிருக்க
பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

பதிவேட்டில் ஏறாத குற்றங்களை
எங்கள் பாடத்தில் இருட்டு எண் என்பார்கள்.
முதலாண்டிலேயே வரும்.
வரைபடத்தில் கடலுக்கு அடியில் பனிமலை போல் வரைவார்கள்.
நானும் வரைந்தேன், நீலப் பென்சிலால்.
இரண்டாம் ஆண்டில் முத்திரை குத்தல் கோட்பாடு.
அதில் எனக்கு எழுபத்திரண்டு மார்க்.

ஸ்ட்ரூவன் நிமிர்ந்து பார்த்தான்.
என்னை, பிறகு என் கடிகாரத்தை.
பள்ளிப் பேருந்து வரும்போது தூக்குவானே,
அப்படிப் புருவத்தைத் தூக்கினான்.
கோபமாக இருந்திருந்தால்
எழுதிக்கொள்ள ஒரு பத்தி இருந்திருக்கும்.

வக்கீல் ஏதோ சொன்னார்.
ஷெரிப் இருமினார்.
வேறு பொருத்தமான வழியில்லை என்று
சட்டம் சொல்லச் சொன்னதைச் சொன்னார்.
ஏழு மாதம்.
மறுபடி இருமினார்.

பேருந்தில் கார்டைத் தேடிப் பைக்குள் கைவிட்டபோதுதான் தெரிந்தது,
கடிகாரத்தை நிறுத்தவே இல்லை.
இரண்டு மணி பதினேழு நிமிடம்.
நொடிகள் அவசரமாக மாறிக்கொண்டிருந்தன.
ஓட்டுநர் 'என்னம்மா, ஏறுறியா இல்லையா?' என்றார்.

'அந்த வரிசையை நீக்கிவிடு' என்றார் கெடிஸ்.
'ஒன்று போனால் மாதிரி கெடாது.'
நல்ல மனுஷி. காரணம் கேட்கவில்லை.
நீக்கினேன்.
நாற்பத்து நான்கு ஓசையில்லாமல்
நாற்பத்து மூன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டது,
ஆட்டிறைச்சி திருடிய இன்னொரு ஆள்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு கீழே இறக்கினேன்.

இரவு மூன்று மணிக்கு
படிவத்தைத் திறந்து, பதினொன்றாவது கேள்வியில்
டிக்கை மாற்றினேன்.
உடனே ஒரு பெட்டி திறந்தது:
ஐம்பது சொற்களுக்குள் விளக்குக.

எனக்கு அவனைத் தெரியும்.

மூன்று சொல் ஆயிற்று.
ஹெட்போனுக்கு இன்னும் வரவில்லை.
மீதி நாற்பத்தேழு.