ஏழாம் பெட்டி

பதினான்கு வாரம் கழித்துக் கப்பல் வந்தது.
அதற்குள் கிளேட்டனில்
இரண்டு போர்வை வாங்கிவிட்டோம்,
ஒரு தோசைக்கல், ஒரு இஸ்திரிப்பெட்டி,
எனக்கு ஒரு பல்வலி.
வராத பொருட்களின் இடத்தில்
வந்த பொருட்கள் உட்கார்ந்துகொண்டன.

விமானத்தில் ஆளுக்கு முப்பது கிலோ.
சென்னைத் தராசு முப்பத்திநாலு புள்ளி ஆறு என்றது.
தரையில் மண்டியிட்டு
சூட்கேஸின் வயிற்றைத் திறந்தோம்.
வரிசை மொத்தமும் எங்கள் உள்ளாடைகளைப் பார்த்தது.
சேரலாதன் மூன்று ஸ்வெட்டரையும்
ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டான்,
ஏப்ரல் மாதத்தில்.
உடம்பை யாரும் எடை போடுவதில்லை.

மீதியெல்லாம் கடல்வழி.
ஒன்றரை கன மீட்டர், பதினோரு பெட்டி.
"எல்லாத்துக்கும் பழசுன்னு போடுங்க மேடம்,
புதுசுன்னா வரி" என்றார் ஏஜெண்ட்.
ஆகவே பழைய புடவை, பழைய பாத்திரம்,
அட்டை பிரிக்காத பழைய மிக்ஸி.
ஆறு பெட்டிக்கு எழுதியதில் கை ஓய்ந்துபோய்
ஏழுக்கு நேரே
'இதர' என்று போட்டேன்.

மெல்பேர்ன் துறைமுகத்தில்
விதை தேடினார்கள், மரம் தேடினார்கள்.
முறத்துக்குப் புகைபோட நூற்றுப்பத்து டாலர்,
இல்லை அழித்துவிடட்டுமா என்று மின்னஞ்சல்.
அழியுங்கள் என்றேன்.
நாற்பது ரூபாய் முறம்.
பதில் அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம்
வேறு வேலை செய்ய முடியவில்லை.

கராஜில் ஏழைப் பிரித்தால்
பதினோராம் அளவுத் தோல் ஷூக்கள்.
வாணியம்பாடி கேரம் போட்டிக் கோப்பை.
கணக்கு முடிந்த பாஸ்புக்குகள்.
ஒரு குழந்தைக் காலின் மாவுக்கட்டு,
நீளவாக்கில் அறுத்தது,
அதில் பால்பாயிண்டில்:
'ஃபாயிஸ் சீக்கிரம் ஓடு.'

யாரோ உட்கார்ந்து யோசித்து
கன மீட்டருக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து
இதைக் கப்பலேற்றியிருக்கிறார்.

மூடியின் உட்புறம் ஒரு பிரிஸ்பேன் எண்.
"அப்ப உங்களுதுதான் இங்க நிக்குது" என்றார் கமாலுதீன்.
"மேலாப்புலதாம்மா பார்த்தேன், கை வைக்கல."
"என்ன இருக்கு அதுல?"
கேட்டது நான்.
என் பெட்டியில் என்ன இருக்கிறது என்று
முகம் தெரியாத ஒருவரைக் கேட்டேன்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றாகச் சொன்னார்.
இடியாப்பக் குழல்.
வயலின் வில் ஒண்ணு, வயலினைக் காணோம்.
மூணு வருஷத்து டைரி, எதுலயும் எழுத்தில்லை.
கல்யாணப் பத்திரிகை ஒரு நாற்பது இருக்கும்.
ஒரு பை நிறைய சாவி.
"சாவி எதுக்கும்மா?"

வீட்டை விற்றாயிற்று.
பீரோவை, ஸ்கூட்டரை, பீரோவுக்குள் இருந்த
இரும்புப் பெட்டியைக்கூட.
"தெரியலைங்க" என்றேன்.
இருவரும் சிரித்தோம்.
அவர் சிரிப்பு கொஞ்சம் முன்னதாக நின்றது.

கூரியர்காரன் கேட்ட தொகை
சென்னையிலிருந்து வங்காள விரிகுடா தாண்டி வந்ததைவிட அதிகம்.
"யாராச்சும் கார்ல வந்தா குடுத்து விடுங்க."
ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர்.
இதுவரை யாரும் வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு குறுஞ்செய்தி:
'குழலை எடுத்துப் புழங்கலாமா? வீட்டில் கேட்கிறார்கள்.'
தாராளமாக என்றேன்.
செவ்வாய் இரவு குப்பைத்தொட்டியை வெளியே தள்ளும்போது
சேரலாதன் பதினோராம் அளவுக்குள்
ஒன்பதாம் அளவுக் காலை விட்டு
டொக் டொக்கென்று போகிறான்.

மாவுக்கட்டை மட்டும் தபாலில் அனுப்பினேன்.
பத்து நாளில் ஓர் உறை வந்தது,
நானூற்றுப் பத்து கிராம் என்று அச்சிட்டு.
உள்ளே சாவிகள், பதினேழு,
சமையலறை டவலில் சத்தம் வராமல் சுற்றி.

ஒன்றை கராஜ் பூட்டில் போட்டுப் பார்த்தேன்.
சேரவில்லை.
இன்னும் பதினாறு இருக்கிறது.